நிறுவல் ஆவணமும் பாயிர மரபும்: எழில் நிரல்மொழிக் கருவித்தொகுப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் நிரலெழுத உதவும் எழில் மொழியும், அது சார்ந்து நிற்கும் ஓப்பன்-தமிழ்த் தொகுப்பும் கட்டற்ற மென்பொருள்களாகக் கிடைக்கின்றன. இவற்றையும் இவை போன்ற மொழிக்கருவிகளையும் கைமுறையாக நிறுவ முற்படும் தமிழாய்வாளர், ஆவணத்தில் குறிக்கப்பெறாத சார்புக் கூறுகளால் தடைப்படுகின்றனர். இக்கட்டுரை அச்சார்புகளை நால்வகையாகப் பகுத்து விளக்குகிறது. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிர இலக்கணம் நிறுவல் ஆவணத்திற்குப் பொருந்துமாற்றைக் காட்டுகிறது. அவ்வாவணத்தை எழுதும் பொறுப்பில் தமிழ்த்துறைக்கு உரிய பங்கினை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எழில், ஓப்பன்-தமிழ், நிறுவல், சார்பு, சிறப்புப்பாயிரம், யாப்பு, மீளாய்வு.

1. முன்னுரை

தமிழாய்வில் கணினியின் பங்கு தட்டச்சோடு நின்ற காலம் கடந்துவிட்டது. சொல்லடைவு உருவாக்கல், எழுத்துகளை எண்ணல், சொற்களை உருபன்களாகப் பகுத்தல், யாப்பமைதியைச் சோதித்தல் ஆகிய பணிகள் இன்று நிரல்களின் துணைகொண்டு நிகழ்த்தப்படுகின்றன. நிரல் தரும் முடிவு ஆய்வேட்டில் சான்றாக இடம்பெறும்போது, அந்நிரல் எந்தச் சூழலில் இயங்கியது என்னும் செய்தியும் சான்றின் ஒரு பகுதியாகிறது. மற்றோர் ஆய்வாளர் அதே நிரலைத் தம் கணினியில் நிறுவி, அதே முடிவைப் பெற இயலவேண்டும். இயலாதபோது அம்முடிவு சரிபார்க்கப்படாத கூற்றாகவே எஞ்சும்.

நிறுவல் என்பது மென்பொருளைக் கணினியில் இயங்கும் நிலையில் அமைத்தல். சார்பு என்பது ஒரு மென்பொருள் தான் இயங்குவதற்கு வேண்டி நிற்கும் பிறிதொரு மென்பொருள் அல்லது தரவு. இவ்விரண்டையும் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் பொறியாளரை நோக்கி ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தமிழ்க்கருவி ஒன்றின் முதன்மைப் பயனாளராகிய தமிழாய்வாளர் அவ்வாவணத்தின் வாசகராகக் கருதப்படுவதில்லை. இந்நிலையில் ஆவணத்தில் எவை இடம்பெற வேண்டும், அதனை யார் எழுத வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

2. கிண்டிச் சூழல்

இவ்வினாக்கள் எழுவதற்குரிய களமாகக் கிண்டியைக் கொள்ளலாம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த கிண்டி பொறியியல் கல்லூரி, 1978இல் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இங்கு விளங்குகிறது. இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வள மையங்கள் நடுவண் அரசின் திட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டையொட்டி அமைக்கப்பட்டபோது, தமிழுக்குரிய மையம் அண்ணா பல்கலைக்கழகத்தில் அமைந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர்ப் பெயர்மாற்றம் பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் அருகிலுள்ள கோட்டூர்புரத்தில் உள்ளன. 2010ஆம் ஆண்டிலேயே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது.

மறுபுறம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைகள் மெரினா வளாகத்திலும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தரமணியிலும் இயங்குகின்றன. கருவி செய்வோரும் கருவியைப் பயன்கொள்வோரும் ஒரே நகரில், சில கல் தொலைவில் இருக்கின்றனர். ஆயினும் நிரலைப் பெற்ற தமிழாய்வாளர் அதனைத் தம் கணினியில் இயக்க முற்படும் முதல் நாளிலேயே பொறியாளரின் நேரடித் துணையை நாட வேண்டியவராகிறார். நேரில் சொல்லித் தரப்படும் செய்தி ஆவணத்தில் ஏறுவதில்லை. அடுத்து வருபவர் அதே தடையை மீண்டும் சந்திக்கிறார்.

3. எழில் மொழியின் அமைப்பு

எழில், முத்து அண்ணாமலை உருவாக்கிய நிரல்மொழி. இதனை அறிமுகப்படுத்தும் ஆங்கிலக் கட்டுரை 2009இல் வெளிவந்தது. தமிழ் பேசும் தொடக்கநிலைக் கணினிப் பயனாளரை நோக்கமாகக் கொண்ட இம்மொழி, பைத்தான் என்னும் நிரல்மொழியின்மேல் கட்டப்பட்டது. அதாவது, எழிலில் எழுதப்பட்ட நிரலைப் பைத்தானில் எழுதப்பட்ட ஒரு மொழிமாற்றி படித்து, வரிசையாக நிறைவேற்றுகிறது. இதன் கட்டளைச் சொற்கள் தமிழில் அமைந்தவை. பதிப்பி, நிரல்பாகம், பின்கொடு, வரை, நிறுத்து, தொடர், முடி ஆகியன சில. பின்வரும் பகுதி அதன் இயல்பைக் காட்டும்.

@( மதிப்பெண் >= 50 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுதேர்வு"
முடி

ஆங்கில அடிப்படையிலான நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலில் நிபந்தனை முன்வர, ‘ஆனால்’ பின்வருகிறது. இன்றைய உரைநடையில் எதிர்மறை இணைப்பாக மிகுதியும் வழங்கும் இச்சொல், இங்கு ‘ஆகுமாயின்’ என்னும் நிபந்தனை எச்சப் பொருளில் ஆளப்படுகிறது. தமிழ்த் தொடரமைப்பின் இயல்பு நிரலின் அமைப்பிலும் பேணப்பட்டிருப்பது இம்மொழியின் சிறப்பு எனலாம்.

இத்தகைய நிரலைப் படிக்கும் மொழிமாற்றி, தமிழ் எழுத்துகளைக் கையாளத் தெரிந்ததாக இருக்கவேண்டும். அதற்கு எழில், ஓப்பன்-தமிழ் என்னும் தனித் தொகுப்பைச் சார்ந்துள்ளது. எழுத்துகளைப் பிரித்தல், பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றுதல், ஒலிபெயர்த்தல், சொற்பிழை காணல் முதலிய பணிகளுக்கான நிரல்பாகங்கள் அத்தொகுப்பில் உள்ளன.

4. சார்பு: தமிழாய்வாளர் முன்பே அறிந்த ஒன்று

சார்பு என்னும் கருத்து தமிழாய்வாளருக்குப் புதியதன்று. ஒருங்குறிக்கு முற்பட்ட காலத்தில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளைத் திறந்தோர் இதனை நேரில் கண்டிருப்பர். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தோன்றும். கோப்பில் குறை இல்லை; அது சார்ந்து நின்ற எழுத்துரு அங்கில்லை. எழுத்துருவின் பெயரைக் கோப்போடு எழுதி வைத்தவரின் படைப்பு பிழைத்தது. எழுதாதவரின் கோப்பைப் படிக்க ஊகமே வழியாயிற்று. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அதற்கு மாற்றாக டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றதன் பயன், எழுத்துரு தோறும் வேறுபட்ட இச்சார்பைக் குறைத்ததேயாகும்.

நிரல்களில் இதே நிலை பல அடுக்குகளில் நிகழ்கிறது. ஒரு தொகுப்பு மற்றொன்றையும், அது வேறொன்றையும் சார்ந்திருக்கக்கூடும். இவ்வடுக்குகளைப் பின்வருமாறு பகுக்கலாம்.

5. சார்பின் நால்வகை

5.1 மொழிநிலைச் சார்பு

எழில் இயங்கப் பைத்தான் வேண்டும். ஆனால், பைத்தான் என்று மட்டும் சொல்வது போதாது. பைத்தான் 3, 2008இல் வெளியானது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது. இவ்விரண்டும் தமிழ்ச் சரங்களைக் கையாளும் முறையில் அடிப்படையாகவே வேறுபடுகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த சாதாரணச் சரமாக அதைக் கொள்ளும் பைத்தான் 2 தரும் விடை 15. பைத்தான் 3 தரும் விடை 5. இலக்கணம் தரும் விடை 3. முதலாவது பைட்டுகளின் எண்ணிக்கை. இரண்டாவது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்னும் ஒருங்குறி இடங்களின் எண்ணிக்கை. மூன்றாவதே த, மி, ழ் என்னும் எழுத்துகளின் எண்ணிக்கை. மூன்றாவது விடையைத் தருவதற்கே ஓப்பன்-தமிழின் எழுத்துப் பிரிப்பு நிரல்பாகம் பயன்படுகிறது.

பதிப்பு வேறுபாடு நிறுவும் முறையையும் மாற்றுகிறது. பழைய பைத்தான் தொகுப்புகள் பல, டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் உட்கூற்றை நம்பி நிறுவப்பட்டவை. 2023இல் வெளியான பைத்தான் 3.12 பதிப்பிலிருந்து அக்கூறு நீக்கப்பட்டது. எனவே, முன்னர் எழுதப்பட்ட நிறுவல் குறிப்பைப் பிழையின்றிப் பின்பற்றினும் புதிய கணினியில் அது பயன்தராமற் போகலாம்.

5.2 தொகுப்புநிலைச் சார்பு

எழிலுக்கு ஓப்பன்-தமிழ் வேண்டும் என்பது இவ்வகை. இங்குப் பெயரால் எழும் மயக்கம் ஒன்று குறிப்பிடத்தக்கது. நிறுவும்போது தரவேண்டிய பெயர் ‘ஓப்பன்-தமிழ்’. நிரலுக்குள் அழைக்கும் பெயரோ ‘தமிழ்’. ஆகவே, இத்தொகுப்பு விடுபட்ட கணினியில் எழும் பிழைச்செய்தி, ‘தமிழ்’ என்னும் பெயருடைய கூறு இல்லை என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும். இதைப் படிக்கும் ஆய்வாளர், கணினியில் தமிழ் எழுத்துருவோ விசைப்பலகையோ இல்லை எனக் கருதி அவற்றை மீண்டும் நிறுவ முற்படுவது இயல்பு. ஓப்பன்-தமிழை நிறுவுவதே உரிய தீர்வு. பெயர்வேறுபாட்டை ஒரே வரியில் குறித்திருந்தால் இம்மயக்கம் நேராது.

5.3 இயங்குதளநிலைச் சார்பு

சில சார்புகள் பைத்தானுக்கு வெளியே உள்ளவை. எழில் நிரல்களைத் தொகுக்க உதவும் ‘எழுதி’ என்னும் செயலி, சாளரங்களை வரைவதற்கு ஜிடிகே என்னும் நூலகத்தை நாடுகிறது. அது சி மொழியில் எழுதப்பட்டு இயங்குதளத்தோடு இணைந்து செயற்படுவது. இதனினும் தமிழாய்வாளருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழிமார்ஃப் என்னும் உருபன் பகுப்பான். க. சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், மிரியம் பட் ஆகியோர் இதுபற்றிய கட்டுரையை 2021இல் வெளியிட்டனர். இப்பகுப்பான், மான்ஸ் ஹுல்டன் உருவாக்கிய ஃபோமா என்னும் கருவியின் துணைகொண்டு இயங்குவது. ஃபோமாவை மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டுமாயின் ஃபிளெக்ஸ், பைசன், ரீட்லைன், இசட்லிப் ஆகியனவும் வேண்டும். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் என்னும் கருவி இத்தகைய வெளிச்சார்புகளைத் தானாக நிறைவு செய்யும் என எதிர்பார்க்க இயலாது.

திரையில் தமிழ் தோன்றுதலும் இவ்வகையுள் அடங்கும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் தமிழ் உயிர்மெய் வடிவங்களைச் செம்மையாகக் காட்டுவதில்லை. நிரல் சரியாக இயங்கியிருப்பினும் கட்டங்களோ சிதைந்த எழுத்துகளோ தோன்றலாம். விடையைக் கோப்பாகச் சேமித்து, ஒருங்குறியைக் காட்டவல்ல உரைத்தொகுப்பானில் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும். நிறுவலில் குறை உள்ளதா, காட்சியில் குறை உள்ளதா என்று பிரித்தறியும் இவ்வழியும் ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

5.4 தரவுநிலைச் சார்பு

நிரல் முழுமையாக நிறுவப்பட்டிருப்பினும் அது நாடும் அகராதியோ தரவகமோ இல்லாதிருக்கலாம். உலகெங்கும் கற்பித்தலில் பயன்படும் என்எல்டிகே என்னும் இயல்மொழிக் கருவித்தொகுப்பு இதற்குத் தக்க சான்று. அதன் நிரலை நிறுவிய பின்னர்த் தரவுகளைத் தனியே இறக்க வேண்டும். தொடர்பிரிப்புக்கு வேண்டிய தரவு நெடுங்காலம் ‘புங்க்ட்’ என்னும் பெயரில் வழங்கியது. 2024இல் பாதுகாப்புக் காரணம் கருதி வேறு வடிவில், வேறு பெயரில் அது மாற்றப்பட்டது. பழைய பாடக்குறிப்புகளின்படி தரவை இறக்கியவர்கள், எல்லாம் செய்தும் தரவு காணப்படவில்லை என்னும் செய்தியையே பெற்றனர். அத்தொகுப்பில் இந்திய மொழிகளுக்கெனத் தரப்படும் சொல்வகை குறித்த தரவகத்தில் வங்காளம், இந்தி, மராத்தி, தெலுங்கு ஆகியன உள்ளன, தமிழ் இல்லை. இங்கு விடுபட்டிருப்பது ஒரு கோப்பு மட்டுமன்று, மொழியே விடுபட்டிருக்கிறது. இதனை நிறுவல் ஆவணம் முன்னரே தெரிவிப்பின், ஆய்வாளரின் உழைப்பு வீணாகாது.

6. விடுபட்ட சார்பு வெளிப்படும் நிலைகள்

விடுபட்ட சார்பு எல்லாம் ஒரே பொழுதில் வெளிப்படுவதில்லை. நிறுவும்போதே தடையாக நிற்பது முதல்நிலை. நிறுவல் முடிந்து, நிரலைத் தொடங்கும்போது வெளிப்படுவது இரண்டாம் நிலை. நிரல் பலநாள் இயங்கியபின், அரிதாக அழைக்கப்படும் ஒரு பகுதியில் வெளிப்படுவது மூன்றாம் நிலை. எந்தப் பிழைச்செய்தியும் இன்றித் தவறான விடையைத் தருவது நான்காம் நிலை. முதல் மூன்றும் ஆய்வாளரின் காலத்தை வீணாக்குவன. நான்காவது ஆய்வின் முடிவையே பாதிப்பது.

கட்டளைக் கலித்துறையை இதற்கு எடுத்துக்காட்டலாம். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வருதல் வேண்டும் என்பது அதன் இலக்கணம். இவ்வமைதியைச் சோதிக்கும் நிரல் எழுத்துப் பிரிப்புக்கு ஓப்பன்-தமிழை அழைக்காமல், பைத்தான் தரும் நீளத்தை அப்படியே கொள்ளுமாயின், இகரம் முதலிய உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி எழுத்துகளாக எண்ணப்படும். இலக்கணம் பிழையாத அடியும் பிழையுற்றதாகக் காட்டப்படும். கணினி எவ்வித எச்சரிக்கையும் செய்யாது. பாடவேறுபாடு பற்றிய முடிவு இவ்வெண்ணிக்கையின்மேல் எழுப்பப்படுமாயின், பிழை பதிப்புக்குள்ளும் நுழைந்துவிடும்.

7. கைமுறை நிறுவலின் ஒழுங்கு

இணைய இணைப்புள்ள கணினியில் பிப் கருவி ஒரு தொகுப்பின் சார்புப் பட்டியலைப் படித்து, வேண்டிய பைத்தான் தொகுப்புகளையும் உடன் இறக்கி நிறுவுகிறது. இணைப்பற்ற கணினியில் இப்பணியை மனிதரே செய்தல் வேண்டும். அதுவே கைமுறை நிறுவல். நிரல் அடங்கிய கோப்புறையை மட்டும் நினைவகக் குச்சியில் படியெடுத்து வைப்பதால் சார்புகள் வந்து சேர்வதில்லை. பெரும்பாலான தோல்விகளுக்கு இதுவே காரணம்.

எழிலைப் பொறுத்தவரை பின்வரும் ஒழுங்கு பொருந்தும். முதலாவதாக, இலக்குக் கணினியில் உள்ள இயங்குதளத்தையும் பைத்தான் பதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, இணைப்புள்ள வேறொரு கணினியில் பிப் கருவியின் ‘டவுன்லோட்’ கட்டளையால் எழிலையும் அதன் சார்புகளையும் ஒரே கோப்புறையில் சேர்க்க வேண்டும். இரு கணினிகளின் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒத்திருத்தல் நலம். தொகுக்கப்பட்ட நிலையில் வழங்கப்படும் கோப்புகள் பதிப்பு மாறினால் பொருந்தாமற் போகலாம். மூன்றாவதாக, இலக்குக் கணினியில் ஒரு மெய்நிகர்ச் சூழலை உருவாக்கி, இணையத்தை நாடாமல் அக்கோப்புறையிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு பிப் கருவிக்குப் பணித்து நிறுவ வேண்டும். நான்காவதாக, பிப் கருவியின் ‘செக்’ கட்டளையால் சார்புகள் நிறைவுற்றனவா என்று சோதிக்க வேண்டும். ஐந்தாவதாக, விடை முன்னரே தெரிந்த ஒரு சிறு நிரலை இயக்கிப் பார்க்க வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் எழுத்துகளைப் பிரிக்கச் சொல்லி மூன்று என்னும் விடையைப் பெறுவது அதற்குப் போதுமானது. இறுதியாக, பிப் கருவியின் ‘ஃபிரீஸ்’ கட்டளை தரும் பதிப்புப் பட்டியலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும்.

8. சிறப்புப்பாயிர இலக்கணமும் நிறுவல் ஆவணமும்

ஒரு நூலுக்குள் நுழையுமுன் கற்போன் அறிந்திருக்க வேண்டுவன எவை என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபு முன்பே எழுப்பியுள்ளது. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் பெறாதது நூலாக மதிக்கப்படாது என்பது நன்னூலின் கருத்து. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியனவாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை அந்நூல் கூறுகிறது. காலம், களன், காரணம் என்னும் மூன்றனைக் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்றும் சுட்டுகிறது. இவை நிறுவல் ஆவணத்தோடு பின்வருமாறு இயைகின்றன.

வழி என்பது நூல் எதனிலிருந்து வந்தது என்பதை உணர்த்துவது. ஒரு நிரல் எந்தத் தொகுப்புகளின்மேல் கட்டப்பட்டது என்னும் சார்புப் பட்டியல் இதற்கு நிகரானது. எல்லை, நூல் வழங்கும் நிலப்பரப்பு. வேங்கடத்தையும் குமரியையும் தொல்காப்பியப் பாயிரம் எல்லையாகச் சுட்டுவதுபோல, நிரல் எந்த இயங்குதளங்களில், எந்தப் பைத்தான் பதிப்புகளில் வழங்கும் என்பதை ஆவணம் வரையறுக்க வேண்டும். நூற்பெயர் என்னுமிடத்தில் நிறுவும் பெயரையும் அழைக்கும் பெயரையும் வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். கேட்போர் என்பது, பயனாளருக்கு முன்னறிவு எவ்வளவு வேண்டும் என்பது.

இவற்றுள் யாப்பு தனியே கருதத்தக்கது. செய்யுள் யாப்பைக் குறிக்காமல், இந்நூலைக் கற்றபின் இந்நூல் கேட்கத்தக்கது என்னும் இயைபைக் குறிப்பதாக நன்னூல் உரை இதற்குப் பொருள் தருகிறது. சார்புகள் பற்றிய ஆவணத்தின் மையம் இவ்வரிசையே. பைத்தானுக்குப் பின் பிப், அதன்பின் ஓப்பன்-தமிழ், அதன்பின் எழில் என்னும் முறை பிறழ்ந்தால் நிறுவல் நிறைவேறாது. சார்புகளின் பெயர்களை மட்டும் அடுக்கி வரிசையைச் சொல்லாத ஆவணம், வழியைக் கூறி யாப்பை விடுத்த பாயிரமாகும். காலம் என்பது, எந்த நாளில் இந்நிறுவல் சோதிக்கப்பட்டது என்னும் குறிப்பு. டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கமும் புங்க்ட் மாற்றமும் காட்டுவதுபோல, நாள் குறிக்கப்படாத நிறுவல் ஆவணம் எப்போது பயனற்றுப் போயிற்று என்பதையே அறிய இயலாது.

இவ்வொப்புமை ஓர் எல்லைக்கு உட்பட்டது. நூலின் வழி ஒருமுறை அமைந்தபின் மாறுவதில்லை. நிரலின் சார்புகளோ பதிப்புதோறும் மாறுகின்றன. ஆகவே, நிறுவல் ஆவணம் ஒருமுறை எழுதி முடிக்கும் பாயிரமாக அமையாமல், பதிப்புதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகிறது.

9. பாயிரம் செய்தற்குரியார்

சிறப்புப்பாயிரத்தை யார் செய்யலாம் என்பதையும் நன்னூல் வரையறுக்கிறது. நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், அந்நூலுக்குத் தகுந்த உரை செய்தவன் ஆகியோர் அதற்குரியர். நூலாசிரியன் அப்பட்டியலில் இல்லை. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அதற்கு மரபு கூறும் காரணம்.

நிரலுலகில் காரணம் வேறு, முடிவு ஒன்றே. நிரலை எழுதியவரின் கணினியில் அதற்கு வேண்டிய எல்லாச் சார்புகளும் முன்னரே உள்ளன. அவற்றுள் சில பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு தேவைக்காக நிறுவப்பட்டவை. எனவே, எது விடுபட்டால் நிரல் நிற்கும் என்பது அவருக்குப் புலப்படுவதற்கே வாய்ப்பில்லை. மெய்நிகர்ச் சூழலில் சோதிப்பினும் பைத்தான் தொகுப்புகளின் குறை மட்டுமே தெரியும். ஃபோமா போன்ற வெளிக்கருவி அக்கணினியில் ஏற்கெனவே இருப்பின் அதன் தேவை மறைந்தே கிடக்கும். புதிய கணினியில் முதன்முறை நிறுவும் ஒருவரே எல்லாக் குறைகளையும் சந்திக்கிறார். அவருடைய அறியாமையே இங்கு அளவுகோலாகப் பயன்படுகிறது.

அந்த முதல் பயனாளர் தமிழ்க்கருவிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் தமிழாய்வாளரே. ஆதலால், தடைப்பட்ட இடங்களை நிரல்படக் குறித்துத் தெளிந்த தமிழில் ஆவணமாக்கும் பணி அவருக்கு உரியது. இதற்குரிய பயிற்சியும் தமிழ்த்துறையில் உண்டு. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில், தமக்குக் கிடைத்த ஏட்டுப்படிகள் எவை, எவரிடமிருந்து வந்தவை என்று விரிவாகப் பதிவு செய்தார். பின்வந்த பதிப்பாசிரியர்கள் அவர்தம் பாடங்களை மதிப்பிட இயன்றது அப்பதிவுகளாலேயே. சுவடிகளின் வரலாற்றைக் குறிக்கும் அதே ஒழுக்கம் நிரல்களின் பதிப்பையும் சார்பையும் குறிக்கும்போது வேண்டப்படுகிறது.

10. எழிலுக்குரிய ஆவண வரைவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து, எழிலை ஆய்வில் பயன்கொள்வோர் தம் ஆய்வேட்டில் இணைக்கத்தக்க ஆவணத்தைப் பின்வருமாறு வகுக்கலாம்.

ஆக்கியோன்: நிரலை உருவாக்கியவர் பெயர்; நிறுவிச் சோதித்தவர் பெயர் தனியே.
நூற்பெயர்: எழில், அதன் பதிப்பெண்; ஓப்பன்-தமிழ், அதன் பதிப்பெண்; நிரலுக்குள் அதனை அழைக்கும் பெயர் ‘தமிழ்’ என்னும் குறிப்பு.
வழி: மொழி, தொகுப்பு, இயங்குதளம், தரவு என்னும் நால்வகைச் சார்புகள், இல்லாத வகைக்கு ‘இல்லை’ என்னும் வெளிப்படையான குறிப்பு.
எல்லை: சோதிக்கப்பட்ட இயங்குதளமும் பைத்தான் பதிப்பும்.
யாப்பு: நிறுவும் வரிசை.
நுதலிய பொருள்: ஆய்வில் இந்நிரல் செய்த பணி.
கேட்போர்: பயனாளருக்கு வேண்டிய முன்னறிவு.
பயன்: சரிபார்க்கும் சிறு நிரலும் அதன் எதிர்பார்க்கும் விடையும்.
காலம், களன், காரணம்: சோதித்த நாள், இணைப்புள்ள கணினியா, அற்ற கணினியா, கைமுறை நிறுவலைத் தேர்ந்ததற்கான காரணம்.

வழி என்னும் உறுப்பில் ‘இல்லை’ என்பதையும் எழுதுதல் இன்றியமையாதது. எழுதப்படாத வெற்றிடம், சார்பு இல்லாமையையும் குறிக்கலாம். எழுத மறந்ததையும் குறிக்கலாம்.

11. முடிவுரை

எழில், ஓப்பன்-தமிழ், தமிழிமார்ஃப் ஆகியவற்றை ஆராயுமிடத்து, நிறுவலில் நேரும் தடைகள் மொழி, தொகுப்பு, இயங்குதளம், தரவு என்னும் நால்வகைச் சார்புகளுள் அடங்குகின்றன என்பது பெறப்படுகிறது. அவற்றுள் பிழைச்செய்தியின்றித் தவறான விடை தருவன ஆய்வின் நம்பகத்தன்மைக்கு ஊறு விளைப்பன. சார்புகளின் பெயரோடு அவற்றின் வரிசையையும் சோதித்த நாளையும் குறிக்கும் ஆவணமே கைமுறை நிறுவலுக்குப் பயன்படும். சிறப்புப்பாயிரத்தின் பதினொரு கூறுகள் அவ்வாவணத்திற்குத் தமிழ் மரபிலிருந்தே ஒரு கட்டமைப்பைத் தருகின்றன.

பாயிரம் செய்வார் நூலாசிரியனின் வேறானவர் என்னும் விதி, தமிழ்த்துறைக்கு ஒரு பணியைச் சுட்டுகிறது. கிண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பிறவிடங்களிலும் உருவாகும் கருவிகளைப் பயன்கொள்ளும் ஆய்வாளர், தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நிறுவல் ஆவணம் ஒன்றைச் சேர்ப்பதை வழக்கமாக்கலாம். நெறியாளர் அதனைக் கேட்டுப் பெறலாம். தேர்வாளர் அதன்படி நிரலை நிறுவிச் சோதிக்கலாம். அவ்வாறு சோதிக்கப்பட்ட எண்ணிக்கை மட்டுமே பதிப்புக்கும் இலக்கணத்துக்கும் சான்றாகும் தகுதியுடையது.